வளைந்தது டிஸ்க் அல்ல

வண்டியும் வழியும் – 11

"பாஸ், பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் உதறுது." நீர்கொழும்பு வீதியில் வத்தளையிலிருந்து மாபோலை வரை உள்ள கராஜ்களில் டபிள் கெப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "டிஸ்க் வளைஞ்சிட்டுது அண்ணே. கடைஞ்சு போடுவோம், இல்லாட்டி புதுசு மாத்துவோம்." டிஸ்க் லேத்துக்குப் போகும். அல்லது பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருந்து ஒரு சோடி வந்து சேரும். சில வாரங்கள் வண்டி நன்றாக ஓடும். பிறகு உதறல் மெல்லத் திரும்பும். வண்டிக்காரர் பாகத்தைக் குறை சொல்வார், கராஜ்காரர் வண்டிக்காரரின் ஓட்டத்தைக் குறை சொல்வார். உண்மையான காரணம் சக்கரத்துக்குள்ளேயே தொடப்படாமல் இருக்கும்.

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. சூட்டில் அது அப்பளம் போல வளைந்து விடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஃபோர்டின் லே மான்ஸ் பந்தயக் கார்களில் வேலை செய்த அமெரிக்கப் பொறியியலாளர் காரல் ஸ்மித், வளைந்த டிஸ்க் என்பது ஒரு கட்டுக்கதை என்று ஒரு கட்டுரையே எழுதினார். பந்தயத் திடலில் டிஸ்க்குகள் செந்நிறமாகப் பழுப்பதைத் தினமும் கண்டவர் அவர். வார்ப்புக் குறையால் உண்மையாகவே வளையும் டிஸ்க் இல்லாமல் இல்லை. ஆனால் அது அரிது. கராஜுக்கு வரும் உதறல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வளைவு அல்ல, தடிப்பு வித்தியாசம். டிஸ்க் ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் இருக்கிறது. அந்த வித்தியாசம் 0.02 மில்லிமீற்றர் அளவுக்கு வந்தாலே ஸ்டியரிங்கிலும் மிதியிலும் தெரிந்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது.

இந்த வித்தியாசம் இரண்டு வழிகளில் உண்டாகிறது. முதலாவது, பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒட்டுவது. பிரேக் பிடிக்கும்போது பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் படிகிறது. அது சீராகப் படிந்தால் பிரேக் நன்றாக வேலை செய்யும். அளவுக்கு மீறிச் சூடேறிய பேட் ஓரிடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படியும். கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, பேலியகொட வெளிவாயிலில் கடுமையாகப் பிரேக் பிடித்து, கட்டணம் செலுத்தும் வரிசையில் மிதியை இறுக்கி மிதித்தபடி நிற்பதை நினைத்துப் பாருங்கள். சூடான பேட் சூடான டிஸ்க்கில் ஒரே இடத்தில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும். திட்டு விழுந்த இடத்தில் உராய்வு கூடும், உராய்வு கூடிய இடம் இன்னும் சூடாகும். வெப்பம் 650 பாகை செல்சியஸைத் தாண்டினால் அங்குள்ள இரும்பின் அமைப்பே மாறி, சீமெண்டைட் என்ற மிகக் கடினமான பொருளாகிவிடும். லேத்தின் முனை அந்தக் கடினத் திட்டைச் சரியாக வெட்டாது. கடைந்து வந்த டிஸ்க் சில வாரங்களில் மறுபடி உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி மெதுவானது. வத்தளையில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். டிஸ்க் ஹப்பின் மேல் தட்டையாக உட்கார வேண்டும். ஹப்பின் முகத்தில் துரு இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு சரிந்து உட்காரும். சக்கரம் சுழலும்போது டிஸ்க்கின் விளிம்பு இடமும் வலமுமாக ஆடும். பிரேக் பிடிக்காத நேரத்திலும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேட்டில் உரசிச் செல்லும். சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் உரசிய இடம் தேய்ந்து மெலிந்துவிடும். புது டிஸ்க் போட்ட அன்று நன்றாக இருந்த வண்டி மாதங்கள் கழித்து உதறுவது இப்படித்தான். ஆட்டத்துக்குப் பல தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் எல்லை 0.05 மில்லிமீற்றரை ஒட்டியது. ஒரு துருப்பொருக்கு அதைவிடத் தடிப்பானது.

ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ பக்கம் கடற்காற்றில் இரவு முழுக்க நிற்கும் கெப்புக்குத் துரு எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீர்கொழும்பிலிருந்து பேலியகொட மீன் சந்தைக்கு மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரும் சொட்டிக்கொண்டே இருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு களனி கங்கை பெருகியபோது நீரில் நின்ற வண்டிகளுக்கு இன்னொரு சேதம். நாட்கணக்கில் ஈரத்தோடு அசையாமல் நின்றதால் டிஸ்க்கில் பேட் மூடியிருந்த பகுதி ஒருவிதமாகவும் திறந்திருந்த பகுதி வேறுவிதமாகவும் துருப்பிடித்திருக்கும். 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளுக்கும் இதுவே நேர்ந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியில் எஞ்சின் ஒயிலை மாற்றியதோடு நிறுத்தியவர்கள், நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்ப்பது நல்லது.

சக்கர நட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயர் கடையில் ஏயார் கன்னை வைத்து ஒவ்வொரு நட்டாக, வரிசையாக, முழு விசையோடு இறுக்குவது நம் ஊர் வழக்கம். ஒரு பக்கம் முதலில் இறுகிவிட்டால் சக்கரத்தோடு டிஸ்க்கும் சேர்ந்து அந்தப் பக்கம் இழுபடும். கையால் நட்டுகளை உட்கார வைத்து, எதிரெதிராக, இரண்டு மூன்று தடவையில், கடைசியாக டோர்க் ரெஞ்ச்சால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். இரும்பு ரிம்முக்கும் அலாய் ரிம்முக்கும் அந்த அளவு வேறாக இருக்கலாம். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்ய மறுக்கும் கடையில் டயர் மாற்றாதீர்கள்.

சென்ற வாரம் கெப்புகளின் பின் ஸ்பிரிங் பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இங்கே வருகிறது. முன் டிஸ்க் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று தேடும் பலர் முன் சக்கரத்தோடு நின்றுவிடுகிறார்கள்; காரணம் பின்பக்கத்திலும் இருக்கலாம்.

ஹைலக்ஸ் போன்ற பெரும்பாலான கெப்புகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வெறும் பெட்டியோடு ஓடும்போது பின்பக்கம் இலேசு. அப்போது பின் பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வழுக்கும். ஒரு தொன் ஏற்றிய பிறகோ பின் பிரேக்கும் தன் பங்கைச் செய்தாக வேண்டும். இதற்காகவே பல கெப்புகளில், பின் அச்சோடு ஒரு கம்பியால் தொடுக்கப்பட்ட வால்வு சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். சுமை ஏறி வண்டியின் பின்பக்கம் தாழும்போது அந்தக் கம்பி அசைந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். எல்லாம் சரிதான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கூட ஏற்றலாம் என்று பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடுகிறோம். பின்பக்கம் உயர்ந்து நிற்கிறது. ஒரு தொன் ஏற்றினாலும் தாழ்வதில்லை. வண்டி வெறுமையாக இருக்கிறது என்றே வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும், மிச்சம் முழுவதும் முன் டிஸ்க்கின் தலையில் விழும். வால்வு துருவில் இறுகிப் போனாலும், பின் டிரம்மின் ஷூவைப் பல காலம் சரிசெய்யாமல் விட்டாலும் இதே கதைதான். புதிய வண்டிகளில் இந்த வேலையை ஈபிடி என்ற மின்னணு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நம் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி பழைய வண்டிகள். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்ததைக் கட்டி இழுத்தே ஓட்டினோம்.

சுமையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு தொன் ஏற்றிய டபிள் கெப் மொத்தம் சுமார் 3 தொன் வரும். அதை 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால், பிரேக்குகள் ஏறத்தாழ 740 கிலோ ஜூல் சக்தியை வெப்பமாக்க வேண்டும். முன் டிஸ்க் இரண்டும் அதில் பெரும்பங்கை ஏற்றால், அந்த ஒரே தடவையில் அவற்றின் வெப்பம் 50 பாகைக்கு மேல் ஏறும். இனி நுவரெலியாவுக்கு வாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு றம்பொடை வழியாகப் பேலியகொட மெனிங் சந்தைக்கு இறங்கும் வண்டிக்கு, ஆயிரம் மீற்றர் இறக்கம் மட்டும் 80இலிருந்து நாற்பது தடவை நிறுத்துவதற்குச் சமமான வெப்பத்தைத் தரும். காற்றும் எஞ்சினும் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். எஞ்சின் எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது சாரதி போடும் கியரைப் பொறுத்தது.

கினிகத்தேனைப் பக்கத்திலும் கண்டி வீதியில் கடுகண்ணாவையிலும் நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. டீசல் மிச்சம் என்கிறார்கள். கணக்கு நேர் எதிர். நியூட்ரலில் எஞ்சின் சும்மா ஓடவும் டீசல் வேண்டும். கியரில் போட்டு எக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது, இன்றைய கொமன் ரெயில் டீசல் எஞ்சின் எரிபொருளை முற்றாக நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும், அதனால் வண்டியின் வேகமும் அடங்கும். ஏறிய கியரிலேயே, தேவைப்பட்டால் அதற்கும் ஒன்று கீழே இறங்குங்கள். ஓட்டோமெட்டிக் வண்டியானால் கைமுறை நிலைக்கு மாற்றி இறங்குங்கள். பிரேக்கை மிதி மேல் கால் வைத்தபடி நீளமாகப் பிடிக்காமல், கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள். இடைவெளியில் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். கீழே வந்ததும் உடனே நிறுத்தி மிதியை அழுத்தியபடி நிற்கவும் வேண்டாம், சேர்விஸ் ஸ்டேஷனில் சூடான சக்கரத்துக்குத் தண்ணீர் பீச்சவும் வேண்டாம். சமதரையில் சில கிலோமீற்றர் மெதுவாக ஓட்டினால் அது தானாக ஆறும்.

சரி, உதறல் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால்? முதலில் எப்போது உதறுகிறது என்று கவனியுங்கள். பிரேக் பிடிக்காமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் ஆடினால் அது சக்கர பலன்ஸ் விடயம், டிஸ்க்குக்குச் சம்பந்தமில்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் முன்பக்கம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து இருக்கையிலும் மிதியிலும் துடித்தால் பின் டிரம்மைச் சந்தேகிக்கலாம். வண்டி ஒரு பக்கம் இழுத்து, ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சூடாக இருந்தால் கெலிப்பரின் வழுக்கும் பின்கள் இறுகியிருக்கும். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிறீஸைப் பூசினாலே பாதித் தொல்லை தீரும். சாதாரண கிறீஸ் அங்குள்ள ரப்பரை ஊத வைக்கும்.

டிஸ்க்கைக் கழற்றினால் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். புது டிஸ்க்கை மாட்டிய பின் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளக்க வேண்டும். ஆட்டம் கூடுதலாக இருந்தால், டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளித் திருப்பி மாட்டிப் பார்க்கலாம். ஹப்பின் சரிவும் டிஸ்க்கின் சரிவும் ஒன்றையொன்று சமன்செய்யும் இடம் ஒன்று அநேகமாகக் கிடைக்கும். செலவில்லாத வைத்தியம் இது. பழைய 4 வீல் ஹைலக்ஸ்களில் டிஸ்க் ஹப்பின் பின்புறம் பூட்டப்பட்டிருப்பதால் பெயரிங்கையும் கழற்ற வேண்டி வரும். திரும்பப் போடும்போது பெயரிங்கின் இறுக்கம் தளர்ந்திருந்தால் புது டிஸ்க்கும் ஆடும்.

கடைவதைப் பற்றி என் அபிப்பிராயம் தெளிவானது. ஆட்டத்தின் காரணத்தைச் சரிசெய்யாமல் கடைவது காசை வீணாக்குவது. காரணத்தைச் சரிசெய்த பின், தடிப்பு போதுமானால், ஒருமுறை கடையலாம். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பின் அதை ஒட்டி வந்துவிட்டால் போடாதீர்கள். மெலிந்த டிஸ்க்கில் வெப்பத்தைத் தாங்க இரும்பு குறைவு, அது இன்னும் வேகமாகச் சூடேறும். பஞ்சிகாவத்தையில் பாவித்த டிஸ்க் வாங்குபவர்களும் கையில் ஒரு அளவுகோலோடு போக வேண்டும்.

புது பேட்டும் டிஸ்க்கும் போட்டதும் நேரே சுமை ஏற்றாதீர்கள். அதிகாலையில் வாகனம் குறைந்த வீதியொன்றில், 60 கிலோமீற்றரிலிருந்து 15 வரை மிதமாகப் பிரேக் பிடித்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி எட்டுப் பத்துத் தடவை செய்து, பிறகு பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்கள். பேட்டின் படலம் சீராகப் படிவது இதில்தான். இதைச் செய்து தரும் கராஜ்கள் மிகக் குறைவு. நீங்களே செய்துகொள்ளலாம்.

அடுத்த முறை உங்கள் கெப்பின் டிஸ்க்கைக் கழற்றும் முன் ஆட்டத்தையும் தடிப்பையும் அளந்து, அந்த எண்களைப் பில்லில் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் வத்தளையின் ஒவ்வொரு கராஜிலும் டயல் கேஜ் வரும்.

(தொடரும்)