நோயுற்ற கையும் அணிகலன் ஆக்கும்

கைத்தொழிலை நம்பி வாழ்வோருக்குக் கையே மூலதனம். அக்கை நோயினால் முடங்குமாயின் வருவாய் குன்றுகிறது. தன்மதிப்பும் உடன் குன்றுகிறது. அத்தகைய அங்கத்தினர் ஒருவர் கலையழகு மிக்க அணிகலன்களைச் செய்து வாழ இயலுமா, அதற்குச் சங்கம் ஆற்றவேண்டிய கடமை யாது என்பதை ஆராய்வோம்.

முடக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் மூட்டுகளையே தாக்குவதால் விளையும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. விரல்களும் மணிக்கட்டும் வீங்கி வலிக்கும். காலையில் நெடுநேரம் விரல்கள் மடங்கா. ஒரு நாள் நன்றாயிருப்பவர் மறுநாள் ஊசியையும் பிடிக்க இயலாது தவிப்பார். இதனைச் சோம்பல் என்று எண்ணுவது கொடுமை. தொடக்கத்திலேயே தக்க மருத்துவம் பெற்றால் மூட்டுகள் கோணிப்போவதைப் பெரிதும் தடுக்கலாம்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரை இந்நோய் 1892ஆம் ஆண்டு அளவில் பற்றியது. எனினும் 1919இல் மறையும்வரை அவர் ஓவியம் தீட்டினார். விரல்கள் கோணியபின் பிறர் தூரிகையை அவர் கையில் பொருத்தினர். பெரிய ஓவியங்களுக்கான துணியை உருளைகளில் சுற்றி, வேண்டும் பகுதியைக் கைக்கெட்டுமாறு நகர்த்தினர். நம் தறியின் படைமரம் செய்யும் வேலையே அது! மன உறுதியோடு, கருவியின் அமைப்பும் பிறர் துணையும் சேர்ந்தே அவரைத் தொழிலில் நிறுத்தின.

தறியில் கையும் காலும் ஒருசேர இயங்கவேண்டும். பட்டுநூல் வளையலையும் சுடுமண் தோட்டையும் வலி மிகும்போது கீழே வைத்து, தணிந்தபின் தொடரலாம். ஆயினும் நகைவேலை இலேசானதன்று. விரல்நுனியால் இறுகப் பிடிப்பதே நோயுற்ற மூட்டுக்குப் பெருந்துன்பம். ஆகவே வேலையைப் பகிர்தல் வேண்டும். களிமண் பிசைவதையும் சூளையிடுவதையும் கம்பி வளைப்பதையும் பிறர் செய்க. வடிவம் வகுத்தல், நிறம் தேர்தல், வண்ணம் தீட்டல் ஆகியவை அவருடையனவாகுக. கரைக்கும் உடலுக்கும் நிறம் பொருத்திப் பழகிய நெசவாளியின் கண்ணை நோய் பறித்துவிடுவதில்லை.

தூரிகை, குறடு ஆகியவற்றின் கைப்பிடிமேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கினால் பிடி எளிதாகும். மணிகளைச் சொரசொரப்பான துணிமேல் பரப்பினால் உருண்டோடா. அரைமணிக்கொரு முறை வேலையை மாற்றுவது நலம். விவசாய அங்கத்தினர்களும் உதவலாம்: நெற்பவளம் என்னும் புல்விதையில் இயற்கையாகவே துளையுண்டு, துளையிடும் சிரமமில்லை. குன்றிமணியையோ அறவே விலக்குக; அதன் பருப்பு கொடிய நஞ்சு, துளையிடும்போது எழும் தூளும் ஆபத்தானது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாட்கூலி முறை இவர்களுக்கு ஒவ்வாது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வகுத்து, தவணையை நீட்டி, ஒவ்வொரு ஆர்டரையும் இருவர் பொறுப்பில் ஒப்படையுங்கள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் முடிப்பார். பண்டிகைக்கு முன்பே சரக்கைச் சேர்த்து வைத்தால் கடைசிநேர நெருக்கடி இராது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஊனம் 40 சதவீதமும் அதற்கு மேலும் எனச் சான்று பெற்றவர்களுக்கு வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. நோயினால் கைகள் நிலையாக முடங்கியோர் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அலைய இயலாத அங்கத்தினருக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், உடன் சென்று வருவதும் சங்கத்தின் பணியே.

நல்ல நாளில் உழைக்கவும், நலமில்லா நாளில் அச்சமின்றி ஓய்வெடுக்கவும் ஓர் அங்கத்தினருக்கு இடமளிப்பதே கூட்டுறவு. நம் சங்கங்கள் ஆவன செய்யுமாக.