கோடு வராத ஸ்கோப்பை வாங்கலாமா?

அம்பத்தூர் பக்கம் மூடிப்போன தொழிற்சாலைகளின் சாமான்களை லாட்டாக எடுத்து விற்கிற ஒரு கடை. போன கார்த்திகையில் அங்கே ஒரு டெக்ட்ரானிக்ஸ் 465 கண்ணில் பட்டது. மேலே விரல் கனத்துக்குத் தூசி. கடைக்காரர் ஒன்பதாயிரம் சொன்னார். "லைட் எரியுது சார், படம்தான் வரலை. சின்ன வேலையாத்தான் இருக்கும்." சின்ன வேலை என்றால் அவரே பார்த்துவிட்டு இரண்டு மடங்குக்கு விற்றிருப்பாரே என்று தோன்றியது. கேட்கவில்லை.

புது டிஜிட்டல் ஸ்கோப் வாங்க எட்டு மாசமாக இருபத்தெட்டாயிரம் சேர்த்து வைத்திருந்தேன். இதில் ஒன்பதை விட்டால் அது இன்னும் மூன்று மாசம் தள்ளிப்போகும். விட்டது திரும்ப வராமலும் போகலாம். ஏன்னா இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் 1980-களில் வந்த ஒரு நாலு சானல் ஸ்கோப்பைப் பதினோராயிரம் கொடுத்து வாங்கினேன். மாடல் பேர் வேண்டாம். கோடு திரையின் இடது பாதியோடு நின்றுவிடும். இது என்ன பெரிய விஷயம் என்று திறந்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது, கிடைமட்டத் தகடுகளை ஓட்டுகிற ஐ.சி. போயிருக்கிறது. கடையில் கேட்டால் கிடைக்கிற ஐ.சி. இல்லை அது. கம்பெனி தனக்கென்றே செய்துகொண்டது. அதே மாடலில் இன்னொரு பெட்டி வாங்கி அதிலிருந்து பிடுங்கினால்தான் உண்டு. இன்றைக்கும் அது பரணில் இருக்கிறது, வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வராதபடி பார்த்துக்கொள்கிறேன்.

அதனால் இப்போது பழைய ஸ்கோப் எதைப் பார்த்தாலும் முதலில் ஒரு கேள்விதான்: செத்திருப்பது மாற்றக் கிடைக்கிற பாகமா, கிடைக்காத பாகமா?

465 வந்தது 1972-ல். இரண்டு சானல், 100 மெகாஹெர்ட்ஸ். உள்ளே பெரும்பாலும் டிரான்சிஸ்டர், டயோடு, ரெசிஸ்டர், கண்டன்சர். இதெல்லாம் போனால் அதுவோ அதற்கு ஈடானதோ கிடைத்துவிடும். கிடைக்காதவை என்றால் முதலில் சி.ஆர்.டி., அதாவது அந்தப் படக்குழாய். அடுத்தது அதற்கு ஈ.எச்.டி. கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் அதையொட்டிய மல்டிப்ளையரும். அப்புறம் டிரிகர் சர்க்யூட்டில் இருக்கிற டன்னல் டயோடு மாதிரி ஒருசில பிரத்யேக பாகங்கள். இதில் முதல் இரண்டும் நல்லா இருக்கா என்று கடையிலேயே தெரிந்துகொள்ள முடிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

தெரிந்துகொள்ள முடியும். அதற்கு அனலாக் ஸ்கோப்பில் கோடு எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

குழாயின் பின்னால் ஹீட்டர் சூடாக்க, கேதோடு எலக்ட்ரான்களை உமிழ்கிறது. உயர் மின்னழுத்தம் அவற்றைத் திரையை நோக்கி இழுக்கிறது. திரையின் உள்பக்கம் பூசிய பாஸ்பர் அடிபட்ட இடத்தில் ஒளிர்கிறது. ஹீட்டர், ஈ.எச்.டி., பாஸ்பர் மூன்றும் உயிரோடு இருந்தால் திரையில் ஒரு பொட்டு விழும். பொட்டு *எங்கே* விழும் என்பது வேறு கதை. வழியில் இரண்டு ஜோடித் தகடுகள் நிற்கின்றன. ஒரு ஜோடி மேலும் கீழும் தள்ளும்; நாம் ப்ரோபில் கொடுக்கிற சிக்னல் பெருக்கப்பட்டு அங்கே போகிறது. இன்னொரு ஜோடி இடமிருந்து வலமாக ஒரே வேகத்தில் இழுத்துப்போகும். அந்த இழுப்புதான் பொட்டைக் கோடாக்குகிறது.

ஆக, படம் வரலை என்கிற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு வியாதிகள் இருக்கலாம். பொட்டே பிறக்காமல் இருக்கலாம். அல்லது பொட்டு பிறந்து, தகடுகள் அதைத் திரைக்கு வெளியே எங்கோ தள்ளிவிட்டிருக்கலாம். முதலாவது என்றால் பெரும்பாலும் நான் எடுக்க மாட்டேன். இரண்டாவது என்றால் உட்கார்ந்து பேசலாம்.

இதைப் பிரித்துச் சொல்ல முன்பக்கத்திலேயே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்: பீம் ஃபைண்ட். அதை அழுத்தினால், பொசிஷன் நாப் எங்கே இருந்தாலும், தகடுகளின் தள்ளலைச் சுருக்கி, வெளியே ஓடிப்போன கோட்டைத் திரைக்குள் கொண்டுவரும். ஓடிப்போன திசையையும் காட்டும்.

ப்ளக்கைச் சொருகுவதற்கு முன் பின்பக்கம் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி 115 வோல்ட்டில் செட் ஆகியிருக்கும். அப்படியே நம்ம 230-ல் போட்டால் அதோடு சரி. இதில் யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். ஆனால் எர்த் பின்னை வெட்டியிருந்தார்கள். இந்தப் பழக்கத்தை எத்தனை லேபில் பார்த்திருக்கிறேன்! ப்ரோபின் கிரவுண்டை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதற்காக வெட்டுவார்கள். அப்புறம் பெட்டியின் மொத்தத் தகரமும் அந்த இடத்து வோல்டேஜில் இருக்கும், தொட்டவன் கதி அதோகதி. கடைக்காரரிடம் வேறு கார்டு வாங்கிக்கொண்டேன்.

டிரிகரை ஆட்டோவில் வைத்து, இரண்டு சானலையும் கிரவுண்டில் போட்டு, பொசிஷன் நாப்களை நடுவில் நிறுத்தி, பிரகாசத்தை முக்கால் வரை ஏற்றிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தேன். இருட்டு. பீம் ஃபைண்டை அழுத்தினேன். மேல் மூலையில், மங்கலாக, மஞ்சாடி விதை அளவுக்கு ஒரு பச்சைப் பொட்டு.

உடனே பிரகாசத்தைக் குறைத்தேன். ஒரே இடத்தில் நிற்கிற பொட்டு பாஸ்பரைச் சுட்டுவிடும். ஆனால் அதற்குள் வேண்டியது தெரிந்துவிட்டது. குழாய் உயிரோடு இருக்கிறது, ஈ.எச்.டி. இருக்கிறது. அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். திரையில் பழுப்புத் தழும்பு எதுவும் இல்லை.

இன்னொன்றும் அந்தப் பொட்டு சொன்னது. அது பொட்டாக இருந்தது, கோடாக இல்லை. அப்படியென்றால் மேல்கீழ் சர்க்யூட்டும் போச்சு, இடவல இழுப்பும் போச்சு. இரண்டு தனித்தனி சர்க்யூட் ஒரே நேரத்தில் தனித்தனிக் காரணத்தால் போவது அபூர்வம். இரண்டுக்கும் பொது பவர் சப்ளைதான். சப்ளை பழுது என்றால் மல்டிமீட்டர் போதும். ஸ்கோப்பைச் சரிபண்ண இன்னொரு ஸ்கோப் தேடி அலைய வேண்டாம்.

இது ஊகம்தான், உத்தரவாதம் இல்லை. ஒன்பதாயிரத்துக்கு ஊகத்தை வாங்க மனசு வரலை. மொத்தமும் வீணானாலும் வீட்டில் சொல்லக்கூடிய தொகை எது என்று யோசித்தேன். ஐயாயிரத்து ஐந்நூறு. கடைக்காரர் ஏழுக்கு வந்தார், நான் வாசல் வரை நடந்தேன், கூப்பிட்டார்.

பத்து கிலோ பெட்டியை பஸ்ஸில் கொண்டுவந்தது தனிக்கதை.

இதன் சர்வீஸ் மானுவல் ஸ்கேன் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு சர்க்யூட்டும் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம், எந்த இடத்தில் என்ன வோல்டேஜ், என்ன அலைவடிவம் இருக்க வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் அதில் இருக்கும். வாங்குவதற்கு முன்பே மானுவல் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். மானுவல் இல்லாத பெட்டியை நான் தொடுவதில்லை. சப்ளை பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் ஏ3-யில் எடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

உள்ளே கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை. குழாயின் கேதோடு பக்கம் மைனஸ் இரண்டாயிரம் வோல்ட்டுக்கும் மேலே, முன்பக்கம் பல ஆயிரம். அணைத்த பிறகும் குழாய் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஓடும்போது அளக்க வேண்டுமென்றால் இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அளப்பேன். டிவி மெக்கானிக்கிடம் கற்ற பழக்கம்.

+110, +55, +15, +5, −8 என்று ஐந்து சப்ளை. நாலு சரியாக இருந்தன. −8 இருக்க வேண்டிய இடத்தில் அரை வோல்ட்கூட இல்லை. அணைத்துவிட்டு அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளந்தால் 1.8. எங்கேயோ ஷார்ட்.

அந்தக் காலத்து டான்டலம் கண்டன்சர் இதற்குப் பேர்போனது. வயசானால் மற்றவை சத்து குறையும், இது நேராக ஷார்ட் ஆகும். ஆனால் −8 லைன் போர்டு போர்டாக ஓடுகிறது, வழியெல்லாம் கண்டன்சர். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பழைய போர்டின் செம்புத் தடம் ஈயத்தோடு உரிந்து வரும். அதனால் பெட்டியை அணைத்தே வைத்து, பெஞ்ச் சப்ளையை ஒரு வோல்ட்டுக்கும் அரை ஆம்பியருக்கும் கட்டுப்படுத்தி, பாசிட்டிவைக் கிரவுண்டிலும் நெகட்டிவை −8 லைனிலும் கொடுத்தேன். இப்போது கரன்ட் முழுக்க ஷார்ட்டை நோக்கித்தான் ஓடும். கிரவுண்டிலிருந்து லைன் நெடுக மில்லிவோல்ட் அளந்துகொண்டே போனால், ஷார்ட்டை நெருங்க நெருங்க அளவு குறையும். தாண்டினால் அதற்கு மேல் மாறாது. முக்கால் மணி நேரத்தில் ஒரு டான்டலத்தில் வந்து நின்றது. பார்க்க மற்றவை மாதிரியே பளபளவென்று இருந்தது, பாவி.

புதுசாகப் போட்டது 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். விலை ஒரு டீக் காசு.

ஆன் பண்ணினால் கோடு வந்தது. முன்பக்கத்து கேலிப்ரேட்டர் முனையில் ப்ரோபை மாட்டினால் 300 மில்லிவோல்ட், ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. வோல்ட் நாப்பைத் திருப்பினால் மட்டும் அலை துள்ளியது. கேம் சுவிட்சின் தங்க முலாம் தொடுமுனைகளில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனரைப் பீய்ச்சி அடிக்கத் தோன்றும், வேண்டாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை இடையில் விட்டு மெல்ல உருவினால் போதும். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

இதைக் கேள்விப்பட்டு, கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன், "அண்ணே, நானும் ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று கேட்டான். ப்ராஜெக்ட்டில் சென்சார் ஒரு தடவை அனுப்பிவிட்டு நிறுத்திவிடுகிற சீரியல் டேட்டாவைப் பார்க்கணுமாம். வேண்டாம்டா என்றேன். 465 நினைவில் வைத்துக்கொள்ளாது. திரும்பத் திரும்ப வருகிற அலையைத்தான் அழகாகக் காட்டும். ஒரே தடவை வந்து போகிறதைப் பிடிக்க டிஜிட்டல்தான் வேண்டும். நான் பார்ப்பது ஆடியோ ஆம்ப்ளிஃபயரும் சப்ளை ரிப்பிளும், அதற்கு இது தாராளம்.

என் பெட்டியிலும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. 60 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே டிரிகர் பிடிக்காமல் படம் வழுக்குகிறது. டன்னல் டயோடாக இருக்குமோ என்று சந்தேகம். அப்படியென்றால் அது கிடைக்காத பாகம். இப்போதைக்கு அந்தப் பக்கம் போகவில்லை, மிச்சமிருக்கிற இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறும் அப்படியே இருக்கிறது.