தலைகீழாகத் தொங்கும் ரூட்டர்... விரல் பத்திரம்!

ரூட்டர் என்றதும் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மரப்பட்டறைக்குள் போய் அதே வார்த்தையைச் சொன்னால், கையில் கிடைப்பது வேறு. அடியில் 'பிட்' எனும் வெட்டும் முனை சுழலும் கை மெஷின் அது. கதவுச் சட்டத்தில் காடி எடுக்க, அலமாரிப் பலகையின் ஓரத்தை உருட்ட, மோல்டிங் போட என உளியும் இழைப்புளியும் நாள் முழுக்கச் செய்ததை இது சில நிமிடங்களில் முடித்துவிடும்.

காடி என்பது பலகை போய் உட்காரும் பள்ளம். பார்வைக்குச் சாதாரணம். ஆனால், மதுரை மாதிரி ஊரில் ஒரு கதவின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பும். பலகையைச் சட்டத்தோடு பசை வைத்து இறுக்கிவிட்டால், ஒன்று பலகை வெடிக்கும். இல்லையென்றால் சட்டத்தின் இணைப்பு விடும். அதனால்தான் காடிக்குள் பலகையைப் பசை இல்லாமல், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டு, சும்மா உட்கார வைக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகள் தலைமுறைகளைத் தாண்டி நிற்பதற்கு மரம் மட்டுமே காரணம் அல்ல, இணைப்பு வேலையும்தான்.

அந்தக் காடி நூல் பிடித்தாற்போல நேராக, ஒரே ஆழத்தில் வர வேண்டும். இரண்டு அங்குல அகலச் சட்டத்தின் மேல் ரூட்டரை வைத்துத் தள்ளினால், மெஷின் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். இதற்குத்தான் ரூட்டர் மேஜை. மெஷினைத் தலைகீழாகத் திருப்பி மேஜைக்கு அடியில் மாட்டிவிடுவார்கள். பிட் மட்டும் மேலே எட்டிப்பார்க்கும். மெஷின் அசையாது, மரம்தான் நகரும். வேலை சுத்தமாக வரும். கூடவே ஓர் ஆபத்தும் வரும். இதுவரை மரத்தைப் பார்த்துச் சுழன்ற பிட், இப்போது கையைப் பார்த்துச் சுழல்கிறது.

பிளைவுட் போதும், சமதளம் முக்கியம்

கடையில் விற்கும் வெளிநாட்டு இரும்பு மேஜைகள் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, மூன்றடிக்கு இரண்டடி மேஜைப் பலகை செய்துகொள்ளலாம். மேலே மைக்கா ஒட்டினால் மரம் வழுக்கிக்கொண்டு போகும். அடியிலும் மைக்கா ஒட்ட வேண்டும். மேலே மட்டும் ஒட்டினால் பலகை வளைந்துவிடும். பழைய தையல் மெஷின் ஸ்டாண்டில் மேஜையைப் பொருத்தினால் பார்க்க அழகுதான், ஆனால் ஆடும். கனமான மரக்கால்களே நல்லது.

36 மி.மீ. கனத்தில் ரூட்டரை நேராக மாட்டினால் பிட் மேலே எட்டாது. நடுவில் சதுரமாக வெட்டி, ஹைலம் ஷீட்டிலோ அலுமினியத்திலோ ஒரு தகடு பதித்து, அதில் ரூட்டரைத் தொங்கவிட வேண்டும். தகடு மேஜையோடு துல்லியமாகச் சமமாக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நகம் தட்டினாலும் மரம் அந்த இடத்தில் முட்டி நிற்கும். முட்டிய மரத்தைக் கை வேகமாகத் தள்ளும். விபத்து தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

உயரம் ஏற்றி இறக்கப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கார் ஜாக்கி அருமையாக உதவும். ஆனால், ஜாக்கி தூக்கத்தான். ரூட்டரைப் பிடிப்பது அதன் பூட்டு. உயரம் வைத்ததும் பூட்டை இறுக்க மறக்கக்கூடாது.

அடுத்தது, மரம் சாய்ந்து நகரும் தடுப்புக்கட்டை. நேரான கட்டை, நடுவில் பிட்டுக்கு ஒரு வாய், இரண்டு முனைகளிலும் சி-கிளாம்ப். இவ்வளவுதான். ரம்ப மேஜையில் தடுப்பு, பிளேடுக்கு இணையாக இருந்தே ஆக வேண்டும். இங்கே அந்தக் கவலை இல்லை. பிட் வட்டமானது, அதற்கும் தடுப்புக்கும் உள்ள தூரம் மட்டுமே கணக்கு. ஒரு முனையை இறுக்கிவிட்டு மறுமுனையை லேசாகத் தட்டியே அரை மில்லிமீட்டர் வரை சரிசெய்யலாம். வாய்க்குப் பின்னால் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை மாட்டி வேக்குவம் கிளீனரோடு இணைத்தால் தூள் முகத்துக்கு வராது. மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995லேயே வகைப்படுத்திவிட்டது.

கரன்ட் போய் வந்தால்?

நம் ஊருக்கே உரிய ஆபத்து இது. வேலை நடுவில் கரன்ட் போகிறது. ஆசாரி ரூட்டர் சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போகிறார். திரும்பி வந்து மேஜையில் கிடக்கும் தூளைக் கையால் துடைக்கும்போது கரன்ட் வந்தால்... சொல்லவே வேண்டாம்.

தீர்வு மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறது: கிணற்று மோட்டாருக்கு மாட்டும் பச்சை, சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டர். கரன்ட் போனதும் தானாக விழும். மறுபடி பட்டனை அழுத்தினால்தான் ஓடும். ரூட்டருக்கு ஏற்ற சிங்கிள் பேஸ் ஸ்டார்ட்டரை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மேஜை முன்பக்கம் மாட்டிக்கொள்ளலாம். விவசாயிகள் ராத்திரி கரன்ட்டுக்காக வைக்கும் 'ஆட்டோ' மட்டும் இதில் கூடவே கூடாது. பிட் மாற்றும்போது ஸ்டார்ட்டரையும் நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

திசையும் முக்கியம். தடுப்பைப் பார்த்து நின்றால், மரம் வலமிருந்து இடமாகப் போக வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடும்; பின்னாலேயே கையும் போகும். தடுப்புக்கும் பிட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் மரத்தை விடுவதும் இதே வகைதான். அம்பு மாதிரிப் பறக்கும்.

வேகத்தில் ஒரு சின்னக் கணக்கு. 25 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 113 கி.மீ. வேகத்தில் போகிறது. கதவுப் பலகையின் ஓரம் செதுக்கும் 80 மி.மீ. பிட்டை அதே சுற்றில் ஓட்டினால் சுமார் 360 கி.மீ.! பெரிய பிட்டுக்கு 10,000 சுற்று அளவுக்கு இறக்கியே ஆக வேண்டும். சின்ன டிரிம்மரில் அந்தப் பிட்டை மாட்டுவதை யோசிக்கவே கூடாது. பத்து மில்லிமீட்டர் ஆழக் காடியைக்கூட ஒரே இழுப்பில் எடுக்காமல், மூன்று மூன்று மில்லிமீட்டராக எடுப்பதுதான் முறை.

மரத்தைத் தடுப்போடு அழுத்திப் பிடிக்கச் சீப்பு போல் வெட்டிய ஒரு கட்டை வேண்டும். பற்கள் சாய்வாக இருப்பதால் மரம் முன்னால் போகும், பின்னால் வராது. கடைசி அரையடியைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். இரண்டையுமே கழிவு மரத்தில் செய்துவிடலாம். தள்ளுகட்டையை மேஜைக்காலிலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. எட்டாத இடத்தில் இருந்தால், அவசர வேலை நாளில் அதை யாரும் எடுப்பதில்லை.