கரிசல் வெடிப்பும் கணினியின் வலையும்

எட்டயபுரத்தையும் கோவில்பட்டியையும் சூழ்ந்த கரிசல் காடுகளில், கோடை முற்றியதும் நிலம் பாளம் பாளமாக வெடித்துவிடுகிறது. கரிசலில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் நீரைத் தன் அடுக்குகளுக்கிடையே ஏற்று உப்புகிறது, உலர்கையில் சுருங்குகிறது. மேல்மண் சுருங்க முனையும்போது, ஈரம் காயாத அடிமண் அதனைத் தடுக்கிறது. இந்த இழுபறியைத் தாங்காது காய்ந்த மண் பிளக்கிறது. உழவருக்கு இது நிலம் தன்னைத் தானே உழுதுகொள்ளும் செயல். வீடு கட்டுவோருக்கோ சுவரைப் பிளக்கும் தொல்லை. இத்தகைய மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல் விரிந்த தூண் அடித்தளத்தை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது.

விரிசல் எத்திசையில் செல்லும் என்று முன்னரே கணிக்க இயலுமா? கூரிய துளையின் முனையில் தகைவு பன்மடங்கு பெருகுவதை 1913இல் இங்கிலிஸ் என்னும் பொறியியலறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். கண்ணாடியை ஆராய்ந்த கிரிஃபித் 1921இல் ஒரு நிபந்தனையை வகுத்தார்: விரிசல் நீளும்போது விடுபடும் ஆற்றல், புதிய பரப்புகளை உண்டாக்கத் தேவையான ஆற்றலுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். எளிதில் நொறுங்கும் பொருள்களின் ஆய்வுக்கு இன்றும் அதுவே அடிப்படை.

கணினி, பொருளைச் சிறு சிறு கூறுகளாகிய வலையாகப் பகுத்து இக்கணக்கைச் செய்கிறது. விரிசல் முனையருகே தகைவு சடுதியில் மாறுவதால் அங்கே கண்ணிகள் மிக நுண்மையாக இருத்தல் வேண்டும். வலை முழுவதையும் நுணுக்கினாலோ, கண்ணியின் அளவைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் முப்பரிமாணத்தில் கூறுகள் எட்டு மடங்காகும். எனவே, பிழை மிகுமிடத்தைக் கணினியே மதிப்பிட்டு, அங்கு மட்டும் வலையை நுணுக்குகிறது. விரிசல் நகர நகர நுண்வலையும் உடன் நகர்கிறது. இதுவே தகவமையும் வலை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கூறுகளின் விளிம்பு வழியே மட்டும் விரிசலைச் செல்லவிடும் முறையில், அதன் பாதையை இயற்கையினும் வலையே தீர்மானித்துவிடக்கூடும். விரிசல் சென்ற பின்னர் வலையை நுணுக்குவதாலும் பயனில்லை; அடுத்த அடி வைக்குமுன் நுணுக்கி, மறுபடி கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

கரிசல் வெடிப்பே இதற்கோர் உரைகல்லாகும். பழைய வெடிப்பை நெருங்கும் புதிய வெடிப்பு, பெரும்பாலும் அதனைச் செங்குத்தாகச் சந்திக்கிறது. பழைய வெடிப்பு தன் குறுக்கேயுள்ள இழுவிசையைத் தளர்த்திவிடுவதே காரணம். வலையின் அமைப்பை மாற்றி மாற்றிக் கணக்கிட்டாலும் இச்சந்திப்பு மாறாது தோன்றுமாயின், அக்கணிப்பை நம்பி அடித்தளம் இடலாம். வலையோடு பாதையும் மாறினால், திரையில் தெரிவது மண்ணின் விரிசலன்று.