நிற்குமா, நிற்காதா: மூன்றாவது விடை

"கணக்கில் பணம் பிடித்தாகிவிட்டது; கடைக்காரருக்கு வந்து சேரவில்லை; செயலியோ ‘நிலுவையில்’ என்கிறது. போயிற்றா, இல்லையா என்று சொல்ல இவ்வளவு கணினிகள் இருந்தும் முடியவில்லையா?" கிளைக்கு வரும் வாடிக்கையாளர் பலர் நம்மிடம் இவ்வாறு கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடப்போன நாம் 1936ஆம் ஆண்டில் போய் நின்றோம்.

கணினிகள் பிறப்பதற்கு முன்பே, அவற்றால் இயலாதவை எவை என அவ்வாண்டில் ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஆலன் டூரிங். அவ்வாய்விலிருந்து கிளைத்ததே பின்னாளில் ‘நிற்றல் சிக்கல்’ எனப் பெயர்பெற்றது. எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஓடி முடிந்து நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்று பிழையின்றிக் கூறும் தீர்ப்பு நிரல் ஒன்றை எழுத இயலுமா? இயலாது. அப்படி ஒன்று இருப்பதாகவே கொள்வோம். தன்னைப் பற்றி அதனிடம் கேட்டு, அது சொல்வதற்கு நேர்மாறாக நடக்கும் முரட்டு நிரல் ஒன்றை எழுதலாம். ‘நிற்கும்’ என்றால் இது ஓடிக்கொண்டே இருக்கும். ‘நிற்காது’ என்றால் உடனே நின்றுவிடும். எதைச் சொன்னாலும் தீர்ப்பு பொய்யாகிவிடும்.

இரண்டே விடைகள்தாம் என்று கட்டாயப்படுத்துவதால் வரும் வினை இது. ‘தெரியவில்லை’ என்று சொல்லவும் இடமளித்தால் முரண்பாடு எழாது. எதைக் கேட்டாலும் ‘தெரியவில்லை’ என்னும் நிரலும் பொய் சொல்லாத நிரலே, பயன்தான் இராது. (அத்தகையோரை அலுவலகங்களிலும் கண்டிருக்கிறோம்.)

பயனுள்ள வகைக்கும் சான்று உண்டு. ஐந்து நிலைகள் கொண்ட எளிய டூரிங் பொறிகளுள், வெற்று நாடாவில் தொடங்கி, மிக நீண்ட நேரம் ஓடிய பின் நிற்பது எது? இவ்வகைப் போட்டியை 1962இல் முன்வைத்தவர் டிபோர் ராடோ. 4,71,76,870 படிகள் ஓடி நிற்கும் பொறி 1989இல் கிடைத்தது. அதனினும் நீண்டது இல்லை என்று உறுதிசெய்ய 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தீர்ப்பு நிரல்கள் பலவற்றை எழுதினர். ஒவ்வொன்றும் தனக்குப் பிடிபட்ட பொறிகளுக்கு மட்டும் தீர்ப்பளித்து, மற்றவற்றைத் ‘தெரியவில்லை’ என ஒதுக்கியது. ஒதுக்கியவற்றை அடுத்த நிரல் எடுத்துக்கொண்டது. ஒரு தவறான ‘நிற்காது’ நுழைந்திருந்தால் முழு முடிவும் வீணாகியிருக்கும்.

பணப் பரிமாற்றம் டூரிங்கின் சிக்கல் அன்று. அங்கே விடை உண்டு, நம்மை வந்தடையவில்லை, அவ்வளவே. ஆயினும் எதிர்முனை வங்கியின் பதில் வருமுன் ‘தோல்வி’ என்று நம் கணினி அறிவித்தால், வாடிக்கையாளர் மீண்டும் செலுத்துவார். முதல் தொகையும் பின்னர்ப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவேதான் ‘நிலுவையில்’ என்கிறது. யூபிஐ வழியே கடைக்குச் செலுத்திய தொகைக்கு உறுதிப்பாடு கிடைக்காவிடில், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் அது தானாகவே கணக்கிற்குத் திரும்ப வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு என்பது 2019ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி. அதுவரை பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை செலுத்துமுன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.