கொட்டாங்குச்சியில் காத்திருக்கும் கொசு... கோடை மழைக்கு முன்பே வேலையை ஆரம்பிக்கலாம்!

'எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு சாக்கடைகூட இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது இத்தனை கொசு?' கோடை மழை பெய்து பத்து நாள்கள் ஆனால், தோட்டத்து வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. சாக்கடை ஓடும் தெருவிலாவது பஞ்சாயத்தைக் குறை சொல்லிவிடலாம். நாலு பக்கமும் தென்னையும் வாழையும் நிற்கும் வீட்டில், பட்டப்பகலில் குழந்தையின் காலைக் கடிக்கும் கொசு வேறெங்கிருந்தோ வந்ததல்ல. அநேகமாக அந்த வீட்டு வாசலிலேயே பிறந்து வளர்ந்தது.

பகலில் கடிப்பது ஏடிஸ். கறுத்த உடம்பு, கால்களில் வெள்ளை வளையம். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது இதுதான். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே இதன் ஆயுள் முடிந்துவிடும். சாக்கடைத் தண்ணீர் இதற்கு ஒத்துவராது. பிடித்து வைத்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். இரவில் காதோரம் ரீங்காரமிடும் கியூலெக்ஸ் வேறு ரகம். அது கழிவுநீரிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும். யானைக்கால் நோயைப் பரப்பும். மலேரியாவைக் கொண்டுவரும் அனாபிலிஸ், கிணறு, மாடித் தொட்டி, வாய்க்கால் என்று தேடிப்போகும். இந்த வேறுபாடு தெரியாமல் சாக்கடையில் மட்டும் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, 'மருந்து அடித்தும் கொசு போகவில்லை' என்று சலித்துக்கொள்வதில் பயனில்லை.

காய்ந்த தொட்டியிலும் உயிரோடு இருக்கும் முட்டை

கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் வீட்டுக்கு வீடு டிரம், அண்டா, சிமென்ட் தொட்டி என்று பிடித்து வைப்பது வழக்கம். ஏடிஸுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. இந்தக் கொசு தண்ணீரில் முட்டை போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். கரித்தூள் போல இருக்கும் அந்த முட்டைகள் கண்ணில் படுவதும் அரிது. தண்ணீர் வற்றினாலும் அவை சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் நனைந்ததும் பொரிந்துவிடும்.

தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் போதும் என்று நினைப்பது அதனால்தான் பலிப்பதில்லை. தண்ணீரோடு புழு போய்விடும். முட்டை சுவரிலேயே இருக்கும். தேங்காய் நார் அல்லது பிரஷ் கொண்டு உள்சுவரை, குறிப்பாகத் தண்ணீர் நின்ற கோட்டை ஒட்டி, அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் கொட்டுவது நல்லது.

வெயில் காலத்தில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தவறாமல் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவிட்டால், புழு கொசுவாவதற்கு முன்பே சங்கிலி அறுந்துவிடும். ஒரு வாரம் விட்டுப்போனாலும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பமாகும்.

எங்கே தேடுவது?

டிரம்மும் தொட்டியும் எல்லோருக்கும் தெரிந்தவை. விவசாயி வீட்டில் வேறு இடங்கள் ஏராளம். தேங்காய் உடைத்துப் போட்ட கொட்டாங்குச்சி, இளநீர்க் கூடு, வைக்கோல் போரை மூடிய தார்ப்பாயின் பள்ளம், தார்ப்பாய் பறக்காமல் இருக்க மேலே போட்ட பழைய டயர், வாசலில் ஓரங்கட்டிய ஆட்டுக்கல், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டு. டயரில் ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் தங்காது. ஆட்டுக்கல் குழியில் மணல் நிரப்பிவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டு நிற்கும் நாள்களில் மரத்தில் மாட்டிய கிண்ணங்களைக் கவிழ்த்து வைப்பது கட்டாயம். ஒரு ஏக்கரில் இருக்கும் கிண்ணங்களை எண்ணிப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

இயற்கை விவசாயம் செய்பவர்கள் கவனிக்காமல் விடும் ஓர் இடம் மண்புழு உரத் தொட்டி. எறும்பு ஏறாமலிருக்க அதைச் சுற்றிக் கட்டும் சின்ன வாய்க்காலில் தண்ணீர் எப்போதும் நிற்கும். மண்புழுவைக் காப்பாற்றப் போய்க் கொசுப்புழுவை வளர்க்கிற கதை! வாரம் ஒருமுறை அந்தத் தண்ணீரை வடித்துத் தேய்த்துவிட்டு, புதுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து விட்டால் போதும். சமையலறை அலமாரிக் கால்களின் கீழ் வைக்கும் எறும்புக் கிண்ணங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

அசோலாப் பாத்தியால் கொசு வருமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. அசோலா இடைவெளியே இல்லாமல் படர்ந்திருந்தால் கொசு முட்டையிடுவது குறையும். அளவுக்கு மேல் அள்ளி மாட்டுக்குப் போட்டுவிட்டு, பாதிப் பாத்தியை வெறும் தண்ணீராக விட்டால் அது கொசுப் பண்ணைதான். மாடு குடிக்கும் கழுநீர்த் தொட்டியை அன்றாடம் காலி செய்வதால் பெரிய ஆபத்து இல்லை. மாடு விற்ற வீட்டில் மழைத் தண்ணீரோடு கிடக்கும் தொட்டிதான் ஆபத்து.

செப்டிக் டேங்கின் காற்றுக்குழாயை மறந்துவிடக் கூடாது. அதன் வாயில் நைலான் வலைத் துண்டைச் சுற்றிக் கட்டினால் இரவுக் கொசு கணிசமாகக் குறையும். பத்து ரூபாய்ச் செலவுகூட ஆகாது. ஆனாலும் பத்து வீட்டில் ஒரு வீட்டில் வலை இருந்தால் அதிசயம். குளியலறைத் தண்ணீரைத் தேங்கவிடாமல் வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பிவிடுவது பழைய வழக்கம். தண்ணீர் உடனே மண்ணில் இறங்கும்வரை அது நல்ல வழக்கம். தேங்கிய கழிவுநீரில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். புழு சாகும் என்பது உண்மைதான். மண்ணும் அருகிலுள்ள கிணறும் கெடும் என்பதும் உண்மை.

கொட்ட முடியாத தண்ணீருக்கு...

கிணற்றையும் பெரிய தொட்டியையும் வாராவாரம் காலி செய்ய முடியாது. அங்கே கப்பி மீன் கைகொடுக்கும். குட்டி போடும் இனம் என்பதால் தானாகவே பெருகும். கம்பூசியா மீனும் கொசுப்புழுவைத் தின்னும். ஆனால், மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைக்காது. இரண்டுமே வெளிநாட்டு இனங்கள் என்பதால் கிணறு, தொட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; ஏரி, குளம், பண்ணைக்குட்டையில் விடக் கூடாது. மீன் விட்ட தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் மீன் செத்துவிடும்.

பி.டி. என்ற பாக்டீரியா மருந்து விவசாயிகளுக்குப் புதிதல்ல. காய்ப்புழுவுக்கு அடிப்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸில் 'குர்ஸ்டாகி' என்ற ரகம். கொசுப்புழுவைக் கொல்வது 'இஸ்ரேலென்சிஸ்' என்ற வேறு ரகம். காய்ப்புழு மருந்தில் மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றினால் கொசுப்புழு சாகாது. கொசுவுக்கான ரகத்தைப் புதுச்சேரியில் உள்ள கொசு போன்ற நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையமும் உருவாக்கியிருக்கிறது. புழு தின்றால்தான் இது வேலை செய்யும். எதையும் தின்னாத கூட்டுப்புழுவை ஒன்றும் செய்யாது. குடிநீரில் எந்த மருந்தைக் கலப்பதாக இருந்தாலும், அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுச் செய்வதே சரி.

புகையும் செடியும்

வேப்பிலை, நொச்சி மூட்டம் கொசுவை விரட்டும், கொல்லாது. புகை அடங்கினால் திரும்ப வரும். காற்றோட்டமில்லாத கொட்டகையில் ராத்திரி முழுக்க மூட்டம் போட்டால் மாட்டுக்கு மூச்சிரைப்புதான் மிஞ்சும். கறவை மாடு வைத்திருப்பவர்கள் கொட்டகைக்கு வலை அடிப்பதையோ மின்விசிறி மாட்டுவதையோ யோசிக்கலாம். மாடுகளுக்கு வரும் மூன்று நாள் காய்ச்சல், தோல் கழலை நோய் இரண்டுமே கடிக்கும் பூச்சிகளால் பரவுபவை என்பதால், இது மாட்டின் தூக்கத்துக்கான செலவு மட்டுமல்ல.

நர்சரிகளில் 'கொசு விரட்டிச் செடி' என்று விற்கிறார்கள். கசக்கினால் வாசனை வரும். சும்மா தொட்டியில் நிற்கும் செடியால் கொசு ஓடாது. புகை வண்டி அடிக்கும் புகையும் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் நெளியும் புழு இரண்டு நாளில் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

காய்ச்சல் வந்துவிட்டால்

நடவும் அறுப்பும் நடக்கும் நாளில் 'சாதாரணக் காய்ச்சல்' என்று ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது பலரின் வழக்கம். டெங்குவாக இருந்தால் அது ஆபத்து. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், புரூஃபென் போன்ற வலி மருந்துகள் ரத்தக் கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமாலும் நிறைய நீராகாரமும்தான் ஏற்றவை. நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறோம் என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுவதுதான் பெரிய தவறு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நிலைமை மோசமாகும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மயக்கம், குழந்தை சோர்ந்து கிடப்பது... இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

காய்ச்சல் கண்டவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவைப்பது அவசியம். முதல் ஐந்து நாள்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ், ஏறத்தாழ 8 முதல் 12 நாள்கள் கழித்து வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கும். ஒரு வீட்டில் டெங்கு என்று தெரிந்தால், பக்கத்து வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி, இரண்டு முற்றத்துத் தொட்டிகளையும் ஒரே நாளில் தேய்த்துக் கவிழ்த்துவிட வேண்டும்.