பழைய கோப்பைப் படிக்கும் புதிய மென்பொருள்

வேர்ட்பிரஸில் இயங்கும் தளத்தை வேறு இடத்துக்கு மாற்ற 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால், பதிவுகள், பின்னூட்டங்கள், வகைகள் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக இறங்கும். ஆர்எஸ்எஸ் ஓடையை நீட்டி உண்டாக்கிய இந்த வடிவத்துக்கு டபிள்யூஎக்ஸ்ஆர் என்று பெயர். புதிய தளத்தில் 'இம்போர்ட்டர்' செருகுநிரல் அதைப் படித்துப் பதிவுகளை மறுபடி ஏற்றிவிடும்.

வேர்ட்பிரஸ் வந்தது 2003இல். அதன்பின் இந்தக் கோப்பின் அமைப்பு 1.0, 1.1, 1.2 என்று மாறியது. மென்பொருளைப் புதுப்பித்துவிடலாம், யாரோ எப்போதோ வன்தட்டில் போட்டு மறந்த கோப்பை யார் போய்ப் புதுப்பிப்பது? அதையும் படிக்கத் தெரிந்திருப்பதுதான் பின்னோக்கு இணக்கம்.

இம்போர்ட்டரின் நிரலைத் திறந்து பார்த்தால் இது எவ்வளவு சின்ன வேலை என்று தெரியும். 1.0 கோப்பில் குறிச்சொல்லின் வகை 'டேக்'. இன்று அது 'போஸ்ட் டேக்'. பழைய பெயர் வந்தால் புதியதாக எடுத்துக்கொள் என்று ஒரே வரி. பக்கத்திலேயே, 1.0க்காக என்று ஒரு குறிப்பு. அந்த வரியைவிட எனக்குக் குறிப்புதான் முக்கியமாகப் படுகிறது. நிரலைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வருகிறவர் கையிலிருந்து அந்த வரியைக் காப்பாற்றுவது அதுதான். இன்னொன்று: புதிய கோப்புகளில் எழுதியவர்களின் பட்டியல் தனியாக உண்டு. அது இல்லாவிட்டால் இம்போர்ட்டர் முரண்டு பிடிப்பதில்லை, ஒவ்வொரு பதிவிலிருந்தும் பெயரைப் பொறுக்கித் தானே பட்டியல் தயாரித்துக்கொள்கிறது. தனக்குத் தெரியாத புதிய பதிப்பு எண்ணைக் கண்டால், என்னைப் புதுப்பித்துக்கொள் என்று எச்சரிக்கிறது. எண்ணே இல்லையென்றால்தான் கோப்பை ஏற்க மறுக்கிறது.

வேர்ட்பிரஸைப் போலவே தளங்களை நடத்தப் பயன்படும் மென்பொருளான ட்ருபல் வேறு வழியில் போனது. 2015இல் வந்த 8ஆம் பதிப்பு அடியோடு மாறியிருந்ததால், 7இல் இருந்தவர்கள் சும்மா மேம்படுத்திக்கொள்ள முடியவில்லை. உள்ளடக்கத்தையே பெயர்த்து எடுத்துப்போக வேண்டியிருந்தது. பலர் நகரவே இல்லை. 2011இல் வந்த 7க்கான ஆதரவு, தள்ளித் தள்ளி 2025 ஜனவரியில்தான் முடிந்தது. பழைய நிரலைச் சுமை என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தளம் மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று: அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். இம்போர்ட்டர் பழைய தளத்துக்குப் போய்த்தான் படங்களை எடுத்துவரும். அதனால் படங்கள் முழுவதும் வந்து சேரும்வரை பழைய தளத்தை மூடாதீர்கள்.